ஐந்தாம் நம்பர் பிரேக்கரின் பொட்டு

உத்திரமேரூரிலிருந்து புக்கத்துறை போகிற சாலையில் ஒரு வார்ப்பாலை இருக்கிறது. இரும்பை உருக்கி வண்டிகளுக்கான பாகங்கள் வார்க்கிற இடம். உலைகள் தின்கிற மின்சாரத்துக்காகவே பின்பக்கம் கம்பிவேலி போட்ட ஒரு யார்டும், அதை ஒட்டி ஒரு சுவிட்ச் அறையும் உண்டு. செங்கேணி அந்த வேலிக்குள் முதன்முதலாகக் கால் வைத்தபோது அவளுக்கு வயது இருபத்தாறு. அவளைக் கூப்பிட்டது புல் பிடுங்க.

யார்டு முழுக்கக் கருங்கல் ஜல்லி கொட்டியிருந்தார்கள். ஜல்லிக்கு நடுவே கோரையும் அறுகும் முளைத்துக்கொண்டே இருக்கும். குந்தினவாக்கில் பிடுங்கிக்கொண்டே போகவேண்டும். மூன்றாம் நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. மின்பிரிவு போர்மேன் ஜெகபர் சாதிக்கிடம் கேட்டுவிட்டாள்.

"இன்னாத்துக்கு பாய் இம்மாம் ஜல்லி? சிமென்ட் போட்டு வழிச்சி வுட்டா புல்லே மொளைக்காதுல்ல?"

"போட்டா உனுக்கு வேலை ஏது?" என்று சிரித்த சாதிக் பாய், பிறகு காரணத்தைச் சொன்னார். "எங்கனா ஷார்ட் ஆச்சின்னா கரண்ட் தரையில பரவும். ஜல்லி மேல நின்னா காலுக்கு ஏறாது. நடுவுல புல்லு மொளைச்சா ஜல்லி கீறதும் ஒண்ணு, இல்லாததும் ஒண்ணு."

அன்றிலிருந்து செங்கேணி வேரோடு பிடுங்கினாள். தான் பிடுங்குவது வெறும் களை இல்லை, யாரோ ஒருவர் காலுக்கு ஏறவிருக்கும் மின்சாரம் என்று தெரிந்த பிறகு நுனியைக் கிள்ளிவிட்டு நகர அவளால் முடியவில்லை. ஒரு வருடத்தில் சுவிட்ச் அறையைத் துடைத்துப் பெருக்கும் வேலையும் அவளிடம் வந்தது.

அந்த அறையில் ஆளுயர இரும்புப் பெட்டிகள் ஒன்பது வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பதினோராயிரம் வோல்ட் பிரேக்கர். வீட்டில் பியூஸ் செய்கிற வேலைதான், ராட்சத அளவில். எங்கேயாவது ஷார்ட் ஆனால் கண் சிமிட்டுவதற்குள் மின்சாரத்தை வெட்டிவிட வேண்டும். நான்கு பெட்டி ஒரு பக்கம், ஐந்து மறுபக்கம். நடுவே இரண்டு பக்கத்தையும் இணைக்கிற கப்ளர் என்ற ஒரு சுவிட்ச். ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே ஒரு டிரான்ஸ்பார்மர் ஊட்டும்.

ஆயுத பூஜை வந்தால் ஒன்பதுக்கும் பொட்டு வைப்பது செங்கேணிதான். சந்தனத்தைக் குழைத்து, கட்டை விரலால் அழுத்தி, மேலே குங்குமம். எங்கே வைப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பெட்டியின் முகப்பில், சரியாக நெற்றி இருக்கவேண்டிய உயரத்தில், பளபளவென்று ஒரு பித்தளைத் தகடு இருந்தது. அதைவிட நல்ல நெற்றி எது? ஒன்பது தகட்டிலும் வைத்தாள். வருடா வருடம் வைத்தாள். ஒருமுறை பெட்டிகளுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவன், சாமி பொட்டை அழிக்க மனம் வராமல், மிச்சமிருந்த வார்னிஷை எடுத்துப் பொட்டின் மேலேயே பூசிவிட்டுப் போனான். அவன் பூசியது ஐந்தாம் நம்பரில் மட்டும். அதோடு வார்னிஷ் தீர்ந்துவிட்டது.

பெட்டிகளைத் துடைத்துத் துடைத்து, உள்ளே என்னதான் இருக்கிறது என்ற கேள்வி அவளை அரிக்கத் தொடங்கியது. பெண்களுக்கு ஐ.டி.ஐ.யில் வயது வரம்பு கிடையாது என்று யாரோ சொல்ல, முப்பத்தொன்றாம் வயதில் எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர்ந்தாள். வகுப்பில் மற்ற எல்லோரும் பதினேழு, பதினெட்டு. முதல் நாள் அவள் உள்ளே நுழைந்ததும் பையன்கள் எழுந்து நின்று வணக்கம் வைத்தார்கள். அவள் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் சிரிப்பு கிளம்பியது.

அங்கே அவளைப் படாதபாடு படுத்தியது ஒரே ஒரு விஷயம். பிரேக்கரின் தகட்டில் எண்ணூறு ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. அதற்குக் கீழேயே பதினெட்டு புள்ளி நான்கு கிலோ ஆம்பியர் என்றும் போட்டிருக்கிறது. அதாவது பதினெட்டாயிரத்துச் சொச்சம். எண்ணூறுதான் தாங்கும் என்றால் பதினெட்டாயிரம் எப்படித் தாங்கும்? இரண்டில் எது பொய்? வாத்தியார் சொன்ன விளக்கம் பரீட்சைக்கு உதவியதே ஒழிய மனசுக்கு எட்டவில்லை.

எட்ட வைத்தது அவள் புருஷன் பாண்டியன். அவன் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவன். ஒரு சாயங்காலம் தோளில் சிராய்ப்போடு வந்தான். அடுக்கி வைத்த மூட்டை அட்டி சரிந்துவிட்டதாம்.

"பத்து மூட்டை மேல வந்துச்சி. முதுகக் குடுத்து ஒரு தள்ளு, ஒரே தாவு, தப்பிச்சேன்."

"நீ ஒரு மூட்டைதான தூக்குவ. பத்து மூட்டைய எப்படித் தாங்குன?"

"எங்க தாங்குனேன்? தாங்குறது வேற, தள்ளிவுட்டு வெலகுறது வேற. நாள் பூரா தூக்கிக்கினு நடக்கறதுக்கு ஒரு மூட்டை. ஒரு விநாடி தள்ளுறதுக்கு பத்து."

செங்கேணி சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டு நோட்டை எடுத்தாள். எண்ணூறு, நாள் பூரா சுமக்கிற சுமை. பதினெட்டாயிரம், சரியும்போது ஒரு விநாடி தள்ளிவிட்டு விலகுகிற பலம். இரண்டும் பொய்யில்லை. அப்படியானால் தகட்டில் மூன்றாவதாக ஒரு எண் இருந்ததே, நாற்பத்தாறு கிலோ ஆம்பியர் என்று?

"ஏற்கெனவே சரிஞ்சிக்கினு கீற அட்டிக்குக் கீழ, தெரியாத்தனமா நீயே போயி நின்னா?"

"அது இதவுட மோசம். மொத அடியே மூணு மடங்கு எறங்கும்" என்றான் பாண்டியன். "இன்னாடி, என்னியச் சாவடிக்க பிளான் போட்டுக்கினு கீறியா?"

மூன்று மடங்கு இல்லை, இரண்டரை. எங்கோ ஷார்ட் ஆகிக் கிடப்பது தெரியாமல் பிரேக்கரை மூடி இணைப்புக் கொடுத்தால், முதல் அலையின் உச்சி அவ்வளவு உயரும். அதையும் பிரேக்கர் தாங்கவேண்டும். அதனால் அந்த மூன்றாவது எண் எப்போதும் இரண்டாவதைப் போல் இரண்டரை மடங்காகவே இருக்கும். பதினெட்டு புள்ளி நான்கின் இரண்டரை மடங்கு நாற்பத்தாறு. செங்கேணி பெருக்கிப் பார்த்தாள். கச்சிதமாக வந்தது. அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்துப் போனது.

ஐ.டி.ஐ. முடித்தவளை சாதிக் பாய்தான் பழைய இடத்துக்கே ஷிப்ட் ஆபரேட்டராகச் சிபாரிசு செய்தார். மின்பிரிவு மேலாளர் தமிழரசனுக்கு அதில் அவ்வளவு இஷ்டமில்லை. "புல் புடுங்கின அம்மாவா?" என்று கேட்டார். ஆறு மாதம் பார்ப்போம் என்று எடுத்துக்கொண்டார். ஐந்தாவது மாதத்தில்தான் புது உலை வந்து இறங்கியது.

புது உலைக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் போதாது. இனி கப்ளரை மூடி, இரண்டு டிரான்ஸ்பார்மரையும் சேர்த்தே ஓட்டுவது என்று முடிவானது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள் நல்ல நேரம். முதலாளி வருகிறார். தேங்காய், பூசணிக்காய் எல்லாம் சொல்லியாயிற்று.

முந்தின நாள் பகல் ஷிப்டில் செங்கேணி பிரேக்கர் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். இத்தனை காலம் ஷார்ட் ஆனால் ஒரு டிரான்ஸ்பார்மர்தான் ஊட்டும், எட்டரை கிலோ ஆம்பியரைத் தாண்டாது. நாளை முதல் இரண்டு பக்கமிருந்தும் பாயும். பதினேழுக்குக் கிட்டத்தில் வரும். ஒன்பது பிரேக்கருக்கும் தள்ளுகிற பலம் பதினெட்டு புள்ளி நான்கு என்று பதிவேட்டில் இருந்தது. பதினேழைவிடப் பதினெட்டு அதிகம். சரிதான். ஆனாலும் பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றுக்கும் மூன்றாவது எண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நாற்பத்தாறு, நாற்பத்தாறு, நாற்பத்தாறு, நாற்பத்தாறு. ஐந்தாம் நம்பருக்கு முப்பத்துமூன்று.

விரலை அங்கேயே வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள். அந்த வரிசையில் இன்னொன்றும் உறுத்தியது. பதினெட்டு புள்ளி நான்கில் அந்த நான்கு, முன்பே எழுதியிருந்த ஓர் ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. யாரோ முதலில் பதினெட்டு புள்ளி ஒன்று என்று எழுதி, அப்படி ஓர் அளவு கிடையாதே என்று பிறகு திருத்தியிருக்கிறார்கள்.

முப்பத்துமூன்றை இரண்டரையால் வகுத்தாள். பதின்மூன்றும் சொச்சமும் வந்தது. பாடப் புத்தகத்தில் அதை ஒட்டி ஓர் அளவு இருந்தது, இரண்டரை மடங்கை முழு எண்ணாக்கினால் முப்பத்துமூன்று வருவது. பதின்மூன்று புள்ளி ஒன்று.

ஐந்தாம் நம்பர் மட்டும் மூடிப்போன ஒரு மில்லிலிருந்து பழசாக வாங்கி வந்த எண்ணெய் பிரேக்கர், வெட்டும்போது எழும் நெருப்பை எண்ணெயில் அணைக்கிற வகை. அதன் காகிதங்களைக் கரையான் தின்று வருடங்கள் ஆகின்றன. மிச்சமிருப்பது அந்தத் தகடு மட்டுமே. பெட்டிக்கு முன் போய் நின்றாள். வார்னிஷுக்கு அடியில் சந்தனமும் குங்குமமும் கறுத்துக் காய்ந்து, நெற்றியில் வைத்த மாதிரியே இருந்தது பொட்டு. அதன் ஓரத்தில் மங்கலாகத் தெரிந்தது: ஒன்று, எட்டு, புள்ளி, ஒன்று. கீழிருந்த மூன்றாம் எண்ணை வார்னிஷில் வழிந்த குங்குமம் முழுக்க மூடியிருந்தது.

அது எட்டுதானா? மூன்றின் இரண்டு வாயையும் சந்தனம் அடைத்திருந்தால் அதுவும் எட்டாகத்தான் தெரியும்.

செய்தவள் வேறு யாருமில்லை, அவளே. சொன்னால் ஐந்து மாத வேலை போகலாம். சொல்லாவிட்டால் நாளை மறுநாள் அந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்கப்போவது யார் என்று ஷிப்ட் அட்டவணையைப் பார்த்தாள். கல்பனா. இருபத்துமூன்று வயது, தாமலிலிருந்து வருகிற ஆபரேட்டர்.

இரவெல்லாம் இரண்டு மனதாகக் கிடந்தவள், வெள்ளிக்கிழமை விடிந்த பிறகுதான் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தாள். ஒன்பதே காலுக்கெல்லாம் சுவிட்ச் அறையில் கூட்டம். உலைப் பொறுப்பாளர் வேதகிரி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். முதலாளியின் கார் உத்திரமேரூரைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது. கப்ளரை மூடுவதற்கு முன் ஷிப்ட் ஆபரேட்டர் அனுமதிச் சீட்டில் கையெழுத்திட வேண்டும். தமிழரசன் சீட்டை நீட்டினார். செங்கேணி வாங்கவில்லை.

"சார், அஞ்சாம் நம்பர்ல கணக்கு ஒதைக்குது."

"எந்தக் கணக்கு?"

பதிவேட்டை விரித்துக் காட்டினாள். தமிழரசன் ஒரு பார்வை பார்த்தார்.

"ரெண்டுல ஒண்ணு தப்பு, அவ்வளவுதானே? முப்பத்துமூணுதான் தப்பு. எழுதினவன் தூக்கத்துல எழுதியிருப்பான்."

"தூக்கத்துல எய்துனவனுக்கு அவ்ளோ கரெக்டா தப்பு வருமா சார்? பதிமூணு புள்ளி ஒண்ணுக்கு எது வரணுமோ அதுவே வந்துகீது."

சாதிக் பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதிவேட்டின் மேல் குனிந்தார். வேதகிரிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"இன்னாம்மா இது, நல்ல நேரத்துல குறுக்கால வுழுந்துக்கினு. ஜல்லில புல்லு புடுங்கனியே, அது மாதிரி நம்பர்லயும் புடுங்குறியா?"

"ஆமாண்ணா" என்றாள் செங்கேணி. "அதையும் வேரோடதான் புடுங்கனேன்."

தமிழரசன் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்க. பிளேட்ல பதினெட்டுன்னு கண்ணுக்குத் தெரியுது. நானே பார்த்திருக்கேன்."

"தெரியுது சார். நான்தான் அப்படித் தெரிய வச்சேன்."

செங்கேணி நிறுத்தாமல் மிச்சத்தையும் சொன்னாள்.

"அந்தப் பொட்டு நான் வச்சது சார். இத்தினி வருசமா நம்பர் மேலயே வச்சிக்கினு வந்துட்டேன். அப்ப எனுக்கு அது நம்பர்னு தெரியாது, நெத்தின்னு நெனச்சிட்டேன். எட்டு மாதிரி கீறது மூணா இருந்தா, இன்னிக்கி கப்ளர் போட்டப்புறம் ஷார்ட் ஆவுற அன்னிக்கி அது தொறக்கும், ஆனா நெருப்ப அணைக்காது. எண்ணெய் பிரேக்கர் சார். பொட்டியோட வெடிக்கும். அத்தத் தொடச்சிப் பாக்கற வரைக்கும் நான் கையெய்த்து போட மாட்டேன். அப்பால என்னிய அனுப்பிடுங்க, போயிடறேன்."

தமிழரசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது நாற்பது. ஒரு நிமிடம் அவர் முகத்தில் கோபம்தான் இருந்தது. பிறகு அவர் பார்வை பதிவேட்டில், அந்த ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்த நான்கின் மேல் போய் நின்றது. எஞ்சினியரிங் படித்தவர். இரண்டரை மடங்கு என்பது அவருக்கும் தெரியும். பெருக்கிப் பார்க்கத்தான் இல்லை.

"பத்து மணிக்குள்ள துடைச்சிக் காட்டுங்க. கதவைத் திறக்கக் கூடாது. வெளியிலேருந்து மட்டும்."

கல்பனா பெயின்ட் கிடங்கிலிருந்து தின்னர் எடுத்துவர ஓடினாள். சாதிக் பாய் கேன்டீனுக்குப் போன் போட்டு, "சாம்பார் புளி ஒரு உருண்டை, கல்லுப்பு ஒரு கை, சீக்கிரம்" என்றார். மறுமுனையில் என்ன கேட்டார்களோ, "ரசம் வைக்கல, ரேட்டிங் பாக்கறோம்" என்று வைத்துவிட்டார்.

தின்னரில் நனைத்த துணியை அழுத்தித் தேய்த்தாள். வார்னிஷ் முதலில் பிசுபிசுத்தது, பிறகு தோலாக உரிந்து வந்தது. குங்குமம் கரைந்து தகடு முழுக்கச் சிவப்பாக ஓடியது. அடியில் சந்தனம் கல்லாகக் காய்ந்திருந்தது. புளியையும் உப்பையும் பிசைந்து, பித்தளைக் குடத்தைத் துலக்குவது போல விரல்நுனியால் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். பின்னால் வேதகிரி அனத்திக்கொண்டிருந்தார். முதலாளியின் கார் கேட்டுக்குள் நுழையும் சத்தம் கேட்டது. ஈரத்துணியால் ஒரு துடை.

தங்க நிறத்தில் தகடு மின்னியது. வெட்டிய எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. பன்னிரண்டு கிலோ வோல்ட், அது தாங்கும் உச்சம். எண்ணூறு ஆம்பியர். அடுத்த வரியில் அந்த எட்டின் இடது பக்கம் இன்னும் கொஞ்சம் மண் நிறம். நகத்தால் கீறினாள். சந்தனம் இரண்டு துணுக்காகப் பெயர்ந்து விழுந்தது. எட்டு வாயைத் திறந்து மூன்றானது.

முதலில் படித்தது சாதிக் பாய். "பதிமூணு புள்ளி ஒண்ணு."

தமிழரசன் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். அனுமதிச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வாசலில் வந்து நின்ற முதலாளியிடம் போய் அவர் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

"சார், இன்னைக்கு கப்ளர் போட முடியாது. ஐந்தாம் நம்பர் தாங்காது. எங்க ஆபரேட்டர் கண்டுபிடிச்சிருக்காங்க."

தேங்காய் உடைக்காமலேயே சமையலறைக்குப் போனது. பூசணிக்காயை மட்டும் வேதகிரி விடவில்லை. "வாங்கினது வாங்கியாச்சி" என்று வாசலில் போட்டு உடைத்துவிட்டுத்தான் போனார்.

புது பிரேக்கர் வர ஏழு வாரம் ஆனது. இருபத்தைந்து கிலோ ஆம்பியர். எண்ணெய் கிடையாது, வெற்றிடத்திலேயே நெருப்பை அணைக்கிற வேக்குவம் வகை. வந்த அன்றே செங்கேணி தகட்டின் மூன்று எண்களையும் உரக்கப் படித்து, கல்பனாவைப் பெருக்கச் சொன்னாள். இருபத்தைந்துக்கு அறுபத்திரண்டரை. தகட்டில் அறுபத்துமூன்று என்று இருந்தது. மற்ற எட்டுத் தகடுகளையும் துலக்கி, தமிழரசனே உட்கார்ந்து பதிவேட்டைப் புதிதாக எழுதினார். அதன் பிறகு கப்ளர் மூடப்பட்டது. நல்ல நேரம் பார்த்தார்களா என்று யாருக்கும் ஞாபகமில்லை. ஆறு மாதக் கெடு முடிந்த தேதியையும் யாரும் கவனிக்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் பெய்ததில் கேபிள் பள்ளத்தில் தண்ணீர் நின்றது. பெருச்சாளி தோண்டிய வளை வழியாக, யார்டில் இருந்த ஐந்தாம் நம்பரின் கேபிள் பெட்டிக்குள்ளும் அது ஏறியிருக்கிறது. யாருக்கும் தெரியாது. நான்காம் நாள் மதியம், சாப்பாட்டு மணி அடித்துச் சற்று நேரத்தில், சுவரே அதிர்கிற மாதிரி வெளியே ஒரு சத்தம். அறைக்குள் "டக்" என்று ஒரே ஒரு ஓசை. விளக்கு மங்கி மறுபடி எரிந்தது. அந்த ஒரு கண வோல்ட் சரிவில் உலைகள் ஓய்ந்தன.

கல்பனா ஐந்தாம் நம்பருக்கு மூன்றடி முன்னால் கையில் பேனாவோடு நின்றிருந்தாள். பெட்டியில் ஒரு கீறல் இல்லை. பிரேக்கர் திறந்து மின்சாரத்தை வெட்டிவிட்டதைக் காட்டும் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது.

"யக்கா" என்றாள்.

செங்கேணி, பிரேக்கருக்கு வெட்டச் சொல்லி உத்தரவிடுகிற ரிலேயின் சின்னத் திரையில் பொத்தானை அழுத்தினாள். கடைசியாக ஓடிய மின்சாரம் எவ்வளவு என்று அது எழுதி வைத்திருக்கும். அதற்குள் தமிழரசனும் சாதிக் பாயும் நனைந்துகொண்டு ஓடி வந்துவிட்டார்கள். திரையில் எண் வந்தது. பதினைந்து புள்ளி ஒன்பது கிலோ ஆம்பியர்.

பதின்மூன்றுக்கு மேலே. இருபத்தைந்துக்கு வெகு கீழே.

சாதிக் பாய் கல்பனாவைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்தார். "இவளுக்கு ஒரு டீ சொல்லு. சக்கரை தூக்கலா" என்று வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார். செங்கேணி ஐந்தாம் நம்பரைத் தனியாகப் பிரித்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மற்ற எட்டையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனாள். ஒவ்வொன்றின் முன்னும் நின்று, மீட்டரைப் பார்த்து, அடுத்ததற்கு நகர்ந்தாள்.

மேஜையில் போன் அடித்தது. தமிழரசன் எடுத்தார். உலைப் பக்கத்திலிருந்து வேதகிரி கத்துவது அறை முழுக்கக் கேட்டது.

"சார், சட்டில இரும்பு ஒறைஞ்சிக்கினு கீது. உலையப் போடலாமா வேணாமா, ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

"என்னைக் கேட்டா? இருங்க, ஆபரேட்டரைக் கேளுங்க" என்ற தமிழரசன், ரிசீவரை அப்படியே நீட்டிக்கொண்டு, அவள் ஒன்பதாம் நம்பரைப் பார்த்து முடிக்கும் வரை காத்து நின்றார்.

செங்கேணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள்.

"வேதகிரி அண்ணா, செங்கேணி பேசறேன். போடுங்க."